நியூ ஆர்லியன்ஸ் கோயில் படியில் கழற்றிய செருப்பு

எழுதத் தெரிந்தவர்கள் எத்தனையோ பேர் இருக்க, எட்டாம் வகுப்போடு நின்றுவிட்ட நான் பேனா எடுத்ததை வாசிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நாலு பேர் நடுவில் நின்றாலே எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். ஆம்பூரில் மிஷன் பெண்கள் விடுதிக்கு நான் மேட்ரன். அமெரிக்கா போய் வந்த நாளிலிருந்து பிள்ளைகள் என்னைச் சூழ்ந்துகொண்டு கதை கேட்கிறார்கள். நேற்றுச் சொன்னதில் ஒன்று இன்று விட்டுப்போனால் சண்டைக்கு வருகிறார்கள். எழுதி வைத்துவிட்டால் தப்பிக்கலாம் என்றுதான் எழுதுகிறேன்.

எங்கள் மிஷன் ஆஸ்பத்திரி டாக்டரம்மாவுக்கு லூயிசியானா என்னும் தென் மாகாணத்தில் நியூ ஆர்லியன்ஸ் பட்டணம் சொந்த ஊர். விடுப்பில் போகும்போது என்னையும் அழைத்துப் போனார். சும்மா அல்ல. விடுதியில் பிள்ளைகள் படுக்கும் கூடத்தின் கூரை போன மழைக்கு ஒருபக்கம் உட்கார்ந்துவிட்டது. நாற்பத்திரண்டு பிள்ளைகள் இரவெல்லாம் சுவரோரம் குந்தியிருந்தார்கள். டாக்டரம்மாவின் ஊர்க் கோயிலில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காணிக்கையைக் கூரைக்குத் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். ஆனால் ஆம்பூரிலிருந்து வந்த ஒருவர் வாய்விட்டுக் கேட்க வேண்டுமாம். அந்த ஒருவர் நான். இதைக் கப்பல் ஏறிய பிறகுதான் என்னிடம் சொன்னார்.

“இன்னா பயம், ஞானம்மா? அஞ்சு நிமிஷம் பேசு. நான் இங்கிலீஷ்ல சொல்லிடுறேன்” என்றார். டாக்டரம்மா தமிழ் கற்றது ஆஸ்பத்திரிக்கு வரும் எங்கள் பெண்களிடம்.

சென்னையிலிருந்து லிவர்பூல், அங்கிருந்து பருத்தி ஏற்றும் கப்பல் ஒன்றில் நியூ ஆர்லியன்ஸ். ஜூன் மாதம் ஒரு திங்கட்கிழமை காலை மிசிசிப்பி ஆற்றின் வாய்க்குள் நுழைந்தோம். கடலிலிருந்து பட்டணம் நூறு மைலுக்கு மேல். அத்தனை தூரமும் கப்பல் ஆற்றிலேயே போகிறது! பாலாற்றில் மணலையே பார்த்து வளர்ந்தவளுக்கு இது எப்படி இருந்திருக்கும்? கீழே போய்ச் சாப்பிட்டு வரக்கூட மனமில்லாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தண்ணீர் தேநீர் நிறம். கரையில் மண்ணை மேடாகக் கொட்டி அணை கட்டியிருக்கிறார்கள். ஆறு உயரத்தில் ஓடுகிறது, வீடுகள் பள்ளத்தில் இருக்கின்றன. கப்பலில் இருந்தபடி வீட்டுக் கூரைகளை மேலிருந்து பார்த்தேன்.

செவ்வாய் காலை ஏழு மணிக்கு டாக்டரம்மாவின் தாயார் எங்களைச் சந்தைக்கு அழைத்துப் போனார். ஆற்றோரம் நீளமான கொட்டகை. அதன் ஓரத்தில் காப்பிக் கடை. காப்பியோடு ஏதோ ஒரு வேரை வறுத்துப் பொடித்துக் கலக்கிறார்கள். பாதிக்குப் பாதி பால். கூடவே எண்ணெயில் பொரித்த சதுரப் பணியாரம், அதன்மேல் மலைபோல் சர்க்கரைப் பொடி. மூச்சு விட்டால் பொடி பறந்து மூக்கில் ஏறுகிறது. நான் தும்மி, டாக்டரம்மாவின் கறுப்பு கவுன் வெள்ளையாகிவிட்டது. காப்பி ஐந்து சென்ட், பணியாரம் ஐந்து சென்ட். நம் காசில் இரண்டும் சேர்த்து நாலரை அணா. ஆம்பூரில் நாலரை அணாவுக்கு ஒரு வீடே சாப்பிடும். ஆனாலும் இரண்டாவது தட்டு வேண்டுமா என்று கேட்டபோது நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

அன்று மாலை கல்லறைத் தோட்டம் பார்த்தோம். அங்கே யாரையும் மண்ணுக்குள் புதைப்பதில்லை. வெள்ளையடித்த சின்னச் சின்ன வீடுகள் கட்டி, அதற்குள் வைத்து மூடுகிறார்கள். தெரு, சந்து, முனை எல்லாம் உண்டு. எங்கள் ஊரில் குடிதண்ணீருக்காக ஆற்றில் ஊற்றுத் தோண்டுகிறோம். இங்கே பிணத்துக்குக் குழி தோண்டினால் தண்ணீர் வந்துவிடுகிறதாம்.

புதன்கிழமை டாக்டரம்மா வீட்டுச் சமையற்காரி ரோசெட்டோடு காய்கறி வாங்கப் போனேன். ரோசெட் கறுப்பினத்துப் பெண், என் வயதுதான். வீட்டில் எனக்கு முதலில் கிடைத்த சிநேகிதி. டிராம் வண்டிக்கு ஏழு சென்ட். இருக்கைகளின் முதுகில் ஒரு பலகையைச் செருகி வைத்திருக்கிறார்கள். அதற்கு முன்னால் வெள்ளைக்காரர்கள், பின்னால் கறுப்பர்கள். கூட்டத்துக்குத் தகுந்தபடி பலகையைத் தூக்கி நகர்த்துகிறார்கள். நான் ரோசெட்டோடு பின்னால் உட்கார்ந்தேன். கண்டக்டர் என் சேலையைப் பார்த்துவிட்டு வந்து, எந்த தேசம் என்று விசாரித்து, நான் முன்னால் வந்து உட்காரலாம் என்றார்.

“போம்மா, அங்கே காத்து நல்லா வரும்” என்றாள் ரோசெட், ஜன்னலைப் பார்த்தபடி.

“இங்கேயே வருது” என்றேன்.

எங்கள் பக்கத்தில் இப்படிப் பலகை கிடையாது. பலகை இல்லாமலே நடக்கிறது.

சந்தையில் வெண்டைக்காயைக் கண்டதும் கூவிவிட்டேன். அவர்கள் அதை இறால், நண்டோடு சேர்த்துக் குழம்பாகக் காய்ச்சிச் சோற்றில் ஊற்றிச் சாப்பிடுகிறார்கள். வழவழப்பு போகக்கூடாதாம், அதுதான் ருசியாம். இதை நான் விடுதியில் செய்தால் பிள்ளைகள் தட்டைத் தள்ளிவிடுவார்கள். நான் மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டேன்.

வெள்ளிக்கிழமை மோட்டாரில் முப்பது மைல் போய், படகு ஏறிச் சதுப்புக் காடு பார்த்தோம். தண்ணீருக்குள்ளேயே மரங்கள். கிளைகளில் நரைத்த தாடிபோல் பாசி தொங்குகிறது. படகுக்காரர் பிரெஞ்சு பேசும் கிழவர். ஒரு கட்டை கண் திறந்து பார்த்தது, முதலை! கத்துவதற்குள் அது முழுகிவிட்டது. கிழவர் வேட்டையாடிய முதலைத் தோல்கள் அவர் கொட்டகையில் உப்புப் போட்டு அடுக்கியிருந்தன. உள்ளே நுழைந்ததும் உப்புத் தோல் நாற்றம் அடித்தது. டாக்டரம்மாவின் தாயார் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். எனக்கோ தோல் பதனிடும் எங்கள் தெருவுக்குள் நுழைந்தது போல இருந்தது. கை தானாகப் போய் ஒரு தோலின் வயிற்றோரத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தது. இங்கே உப்பு கம்மி, இரண்டு நாளில் அழுகிவிடும் என்றேன். டாக்டரம்மா சொல்லக் கேட்டு, கிழவர் தானும் அழுத்திப் பார்த்து, என்னை மேலும் கீழும் பார்த்து, தன்னோடு தங்கிவிடச் சம்மதமா என்று கேட்டார். படகு கரை சேரும்வரை இதையே சொல்லி டாக்டரம்மா என்னைக் கேலி செய்தார்.

ஞாயிறு காலை பத்தரை மணிக்கு ஆராதனை. டாக்டரம்மா முன்னதாகவே போய்விட்டார். நான் பேச வேண்டியதை முணுமுணுத்துக்கொண்டே அவர் தாயாரோடு போய்ச் சேர்ந்தேன். படியில் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே போனேன். நம் ஊர்க் கோயிலில் செய்வதுதானே. முன் பெஞ்சில் உட்கார்ந்த பிறகுதான் பார்த்தேன், அத்தனை கால்களிலும் பூட்ஸ். எழுந்து போய் மாட்டிவர வெட்கம். சேலையை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

என்னைக் கூப்பிட்டார்கள். இருநூறு பேர் இருப்பார்கள். கூரை விழுந்ததையும் பிள்ளைகள் விடிய விடியக் குந்தியிருந்ததையும் சொன்னேன். டாக்டரம்மா வாக்கியம் வாக்கியமாக மொழிபெயர்த்தார். ஜனங்கள் என் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார்கள். இரண்டு பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். என் பேச்சு இப்படி வேலை செய்கிறதே என்று எனக்கே ஆச்சரியம்.

நான் உட்கார்ந்ததும் போதகர் எழுந்தார். இந்தச் சகோதரி வெறுங்காலோடு கடல் கடந்து வந்திருக்கிறார், இன்றைய காணிக்கை முழுவதும் ஆம்பூர் ஏழைகளுக்குப் பாதரட்சை வாங்கப் போகும் என்றார். எனக்குத் தெரிந்த இங்கிலீஷுக்கே அது புரிந்துவிட்டது.

டாக்டரம்மா என் கையைப் பிடித்து, “சும்மா இரு. ஆராதனை முடியட்டும், நான் சொல்றேன்” என்றார்.

காணிக்கைத் தட்டு எடுத்துவிட்டார்கள். செருப்புக்கென்று விழுந்த காசைப் பிறகு கூரைக்கென்று எப்படிக் கேட்பது? கொடுத்தவர்கள் மனம் கோணாதா? அடுத்த மழைக்கும் பிள்ளைகள் சுவரோரம்தான். நான் எப்படி எழுந்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. எனக்கு வந்த இங்கிலீஷில் நானே சொன்னேன்.

“ஐயா, என் செருப்பு வாசப்படியில இருக்குது. கடவுள் வீட்டுக்குள்ள அதோட வர மாட்டோம். எங்க ஊர்ல தோலு ஜாஸ்தி. எங்க அண்ணன் செருப்புத் தைக்கிறவரு. செருப்பு எங்களால ஆகும். கூரைதான் எங்களால ஆகல.”

காணிக்கை எடுக்கும் பெரியவர் ஒருவர் வெளியே போனார். திரும்பி வந்தவர் கையில் என் செருப்பு! அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நடுவழியாக நடந்து வந்தார். கோயிலுக்குள் செருப்பு! நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன். போதகர் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார், தையலை நகத்தால் சுரண்டிப் பார்த்தார், தன் பூட்ஸைப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். இருநூறு பேரும் சிரித்தார்கள். தான் சொன்னது தவறு, காணிக்கை கூரைக்கே என்று சிரிப்பினூடே அறிவித்தார்.

ஆராதனை முடிந்ததும் ஒரு கிழவி என்னிடம் வந்து, அண்ணன் தனக்கும் ஒரு ஜோடி தைத்து அனுப்புவாரா என்று கேட்டார். பாட்டுத் தாளைத் தரையில் போட்டுக் காலை வைத்தார். நான் குனிந்து பென்சிலால் சுற்றி வரைந்தேன். அதைப் பார்த்து இன்னொருவர், இன்னொருவர் என்று பதினோரு தாள் சேர்ந்தது. அண்ணன் தைத்த செருப்பை ஆம்பூரிலும் வேலூரிலும் எல்லாரும்தான் போட்டு நடக்கிறார்கள். அளவு கொடுக்க இப்படி வரிசையில் நின்று நான் பார்த்ததில்லை; காசை எட்ட நின்று போட்டுவிட்டுப் போவார்கள்.

மாலை நாலு மணிக்கு அடுப்படியில் ரோசெட்டிடம் எல்லாவற்றையும் நடித்துக் காட்டினேன். அவள் வெள்ளைக்காரர்களின் அந்தக் கோயிலுக்குள் போக முடியாதவள். சிரித்துச் சிரித்து அவளுக்கு இருமல் வந்துவிட்டது. நான் ஒரு தாளை எடுத்து அவள் காலடியில் விரித்தேன்.

“எனக்கு எதுக்கும்மா?” என்றாள்.

“வை.”

வெகுநேரம் யோசித்துவிட்டுக் காலைத் துடைத்து வைத்தாள். நான் சுற்றி வரைந்தேன். பிறகு, “கொஞ்சம் பெரிசாவே தைக்கச் சொல்லு. சாயங்காலமானா வீங்கிடும்” என்றாள். அதையும் தாளில் எழுதிக்கொண்டேன்.

மறுநாள் திங்கட்கிழமை. காலையில் மழை பெய்தது. பன்னிரண்டு தாளையும் பெட்டியில் பத்திரமாக வைத்துக்கொண்டு, எண்பது மைல் தள்ளியிருக்கும் மாகாணத் தலைநகர் பேட்டன் ரூஜைப் பார்க்க ஒன்பதேகால் ரயிலில் போனோம்.