முங்கச் சொன்ன டீச்சர்

கணக்குப் பாடம் முடிந்த கையோடு டீச்சர் பிரம்பை மேசைமேல் போட்டுவிட்டு, "முங்கு!" என்பார். வகுப்பில் பாதிப் பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு பெஞ்சுக்குக் கீழே குந்துவோம். மீதிப் பேர் எழுந்து நின்று, கடலில் முங்கியவரைத் தூக்கப் படகில் கயிறு பிடிப்பவர்களைப் போல, இல்லாத கயிற்றைக் கைமாற்றிக் கைமாற்றி இழுப்பார்கள். மூச்சு முட்டியதும் துள்ளி எழ வேண்டும். பிறகு ஆள் மாறுவோம். இரண்டு நிமிஷக் கூத்துதான். முடிந்ததும் தமிழ்ப் புத்தகத்தைத் திறப்போம்.

எழுபதுகளில் தூத்துக்குடிக் கடற்கரையோரப் பள்ளி அது. மூன்றாம் வகுப்பும் நான்காம் வகுப்பும் ஒரே கூடத்தில். நான் நான்கில், தம்பி மூன்றில். அவனால் ஓரிடத்தில் உட்கார முடியாது. கால் ஆடும், கை பக்கத்துப் பையனைக் கிள்ளும். ஆனால் முங்கி எழுந்த பிறகு, குனிந்த தலை நிமிராமல் எழுதுவான். டீச்சர் அவன் சிலேட்டை எனக்குத் தூக்கிக் காட்டியிருக்கிறார்.

அப்பா கடலில் முங்கிச் சங்கு குளிப்பவர். தம்பி இந்த விளையாட்டை வீட்டில் செய்து காட்டினான், பெருமையாகத்தான். அப்பாவுக்கு முகம் கறுத்துவிட்டது. மறுநாளே பள்ளிக்கு வந்து வாசலில் நின்றபடி கத்தினார்: "மூச்சடக்குத பாடு எங்களோட போகட்டும்னுதான் பிள்ளையள இங்கன அனுப்புதோம். நீங்களும் முங்கத்தான் சொல்லிக் குடுக்கியளா டீச்சர்?"

"உக்காந்தே இருந்தா பிள்ளைகளுக்கு மண்டையில ஏறாது அண்ணாச்சி, அதான்..." என்று டீச்சர் ஆரம்பித்தார். தலைமையாசிரியை சிஸ்டர் முடிக்க விடவில்லை. அன்றோடு நின்றது. கையைத் தூக்கி இறக்கவாவது விட்டிருக்கலாம். அதுவும் கூடாதென்றார்கள். மணியடிக்கும்வரை கைகட்டி உட்கார வைத்தார்கள். தம்பி ஆடினான், அடி வாங்கினான், முட்டி போட்டான், ஐந்தாம் வகுப்போடு நின்றான். எந்தக் கடலுக்கு விடக்கூடாதென்று அப்பா அந்தக் கத்துக் கத்தினாரோ, அதே கடலுக்கு அவரே கூட்டிப்போனார். "அவனுக்குப் படிப்பு வரல" என்று சாகும்வரை சொன்னார். கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவர் நல்லதைத்தான் நினைத்தார். அதுதான் இன்னும் எரிச்சல்.

போன மாதம் மில்லர்புரத்தில் தம்பி வீட்டுக்குப் போயிருந்தேன். அவன் பேத்தி நடுவீட்டில் குதித்துக் குதித்துக் கைதட்டினாள். பாடத்துக்கு நடுவே மிஸ் செய்யச் சொல்கிறாராம். செய்தால் படிப்பு நன்றாக வருமாம். கடலில் முங்கி முங்கிக் காது போன தம்பிக்கு அது கேட்கவில்லை.

"என்ன சொல்லுதா?" என்றான்.

"பாடத்துக்கு நடுவுல குதிச்சா படிப்பு நல்லா வருமாம்!" என்று காதருகே குனிந்து கத்தினேன்.

"எனக்கும் வந்துச்சுல்லா யக்கா" என்றான்.