நடு ஆற்றில் நின்ற மோட்டாரும் கருப்பண்ணசாமி திருநீறும்

போன ஆடி மாசம் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் என் மனைவி சரசுவைக் கண்ணாடி விரியன் கடித்துவிட்டது. காவிரி நடுவே திட்டில் இருக்கும் எங்கள் வாழைக்காட்டில் சருகு அள்ளும்போது நடந்தது. ஆஸ்பத்திரிக்குப் போக ஆற்றைத் தாண்ட வேண்டும். இருந்தது ஒரே ஒரு மோட்டார் படகு. அந்தப் படகை நான் நம்பவில்லை. அதை ஓட்டும் செல்லமுத்து அண்ணனை அதைவிட நம்பவில்லை.

நம் கருப்பண்ணசாமியைக் கும்பிடுகிற எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் வெட்கத்தை விட்டு இதை எழுதுகிறேன்.

செல்லமுத்து என் பெரியப்பா மகன். மோகனூர்ப் பக்கம் எங்கள் ஊர். திட்டில் அவருக்கும் காடு உண்டு, படகு இருவருக்கும் பொது. வரப்புத் தகராறு வந்த பிறகு அவர் ஊட்டில் நான் பச்சைத் தண்ணீர் குடித்ததில்லை. பங்காளியையும் பனங்காயையும் பதம் பார்த்து வெட்டு என்பார்கள். நான் பதம் பார்த்துக்கொண்டே இருந்தேன். படகு அவர் காட்டோரம்தான் கட்டிக் கிடக்கும். பெட்ரோலில் சர்க்கரையைக் கொட்டினால் யாருக்குத் தெரியும்?

அதனால் சித்திரையிலேயே ஒரு காவல் போட்டேன். கோயில் திருநீற்றை மஞ்சள் துணியில் முடிந்து, பெட்ரோல் டேங்க் மூடிமேல் வைத்தேன். நனையாமலிருக்க பாலிதீன் பையால் மூடியோடு சேர்த்து மூடி, கயிற்றால் இறுக்கிக் கட்டினேன். "இதென்னடா கட்டி வெச்சிருக்கே?" என்று அண்ணன் கேட்டார். "சாமி சமாச்சாரமுங்க, தொட்டுராதீங்க" என்றேன். அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டு கையை எடுத்துவிட்டார். அதற்கப்புறம் தொடவே இல்லை. பெட்ரோல் ஊற்ற மட்டும் அவர் இல்லாத நேரம் கரையில் நானே அவிழ்த்து, ஊற்றியதும் திரும்பக் கட்டிவிடுவேன்.

அதிலிருந்துதான் மோட்டார் மக்கர் பண்ண ஆரம்பித்தது. பத்து நிமிடம் ஓடும், மூச்சு முட்டினாற்போல இழுத்து நின்றுவிடும். பெட்ரோலை ஏற்றக் கையால் அமுக்கும் ரப்பர் உருண்டை சப்பிப் போய்க் கிடக்கும். சும்மா விட்டால் கொஞ்ச நேரம் கழித்துக் கிளம்பும். பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்கும் என்று பெட்ரோல் பங்க்கை மாற்றினேன். பில்டர் மாற்றினேன். பிறகு டேங்கைப் படகிலேயே விட்டுவிட்டு மோட்டாரை மட்டும் கழற்றி நாமக்கல் மெக்கானிக்கிடம் தூக்கிப் போனேன். கார்பரேட்டரைக் கழுவி, தன் கேன் பெட்ரோலில் ஓட்டிக் காட்டினார். அரை மணி நேரம் கனகச்சிதமாக ஓடியது. அங்கே ஓடுகிறது, ஆற்றில் நிற்கிறது என்றால் அர்த்தம் என்ன? செல்லமுத்துதான்!

கோயிலுக்கு இழுத்துப் போய்ச் சூடத்தை அணைத்துச் சத்தியம் பண்ணச் சொன்னேன். மனுசன் தயங்காமல் உள்ளங்கையால் அணைத்தார். இவ்வளவு சட்டென்று அணைக்கிறவன் எதற்கும் துணிந்தவன் என்று அதையும் சந்தேகப்பட்டேன். ஊருக்கு வந்து முடிச்சை இன்னும் இறுக்கினேன்.

அந்த வெள்ளிக்கிழமையும் நடு ஆற்றில் மோட்டார் நின்றது. சரசு என் மடியில் கிடந்தாள். கால் வீங்கிக் கறுத்திருந்தது. அண்ணன் மோட்டாரைக் கிளப்பும் கயிற்றை இழுத்து இழுத்துப் பார்த்தார். வேண்டுமென்றே மெதுவாக இழுக்கிறாரோ என்று அப்போதும் பார்த்தேன். படகு தண்ணீர் போன போக்கில் போய்க்கொண்டிருந்தது. "அய்யனே, எம் புள்ளைகளுக்கு அம்மாவைக் குடு" என்று கத்தி அழுதேன்.

சரசு கண்ணைத் திறந்தாள். "ஏனுங்க, அய்யன் துண்ணூறு சித்தப் பூசி உடுங்க" என்றாள்.

திருநீறு அந்த முடிச்சில் மட்டும்தான் இருந்தது. செல்லமுத்து இருக்கும்போது டேங்க் காவலை அவிழ்ப்பதா? ஒரு நொடி யோசித்தேன். பிறகு பல்லால் கடித்துக் கயிற்றை அவிழ்த்துப் பாலிதீனை உருவினேன். உஸ்ஸென்று டேங்குக்குள் காற்று இறங்கியது. மூடியில் காற்றுப் போக ஒரு சின்ன ஓட்டை இருக்கிறது. அதை மூன்று மாதமாக நானே அடைத்து வைத்திருந்திருக்கிறேன். காற்று புகாத டேங்க் பெட்ரோலை எப்படி விடும்?

அவள் நெற்றியில் பூசினேன். அண்ணன் ரப்பர் உருண்டையை அமுக்கினார், கெட்டியானது. ஒரே இழுப்பில் மோட்டார் கிளம்பியது. "கெட்டியாப் புடிச்சுக்க சாமி, போயிரலாம்" என்று சரசுவிடம் சொன்னார். கரை சேரும்வரை நிற்கவில்லை. விஷமுறிவு ஊசி போட்டார்கள். ஆறாம் நாள் என் மனைவி நடந்து ஊடு வந்தாள்.

டேங்குக்குள் காற்றுப் போனது, மோட்டார் ஓடியது, இதில் சாமி எங்கே என்று கேட்பீர்கள். நானும் சந்தேகப் பிராணிதான், கேட்டுப் பார்த்தேன். அண்ணன் கண்முன்னால் அந்த முடிச்சை ஊரே சொன்னாலும் நான் அவிழ்த்திருக்க மாட்டேன். அவள் வாயில் அந்த வார்த்தையை வைத்தது யார்?

மறுநாள் செல்லமுத்து அண்ணன் ஊட்டு வாசலில் போய் நின்றேன். கையெடுத்துக் கும்பிட்டேன். "மன்னிப்பெல்லாம் எதுக்குடா? உள்ள வந்து சோறு தின்னு" என்றார். தின்றேன். இரண்டாம் முறையும் வாங்கித் தின்றேன்.

அன்பர்களே, உங்களுக்கும் யார்மேலாவது மனக்குறை இருக்கும். அதை அய்யன் காலடியில் போட்டுவிட்டு, அந்த ஆள் ஊட்டில் ஒரு வாய் சாப்பிட்டுப் பாருங்கள். மற்றதை அய்யன் பார்த்துக்கொள்வார்.