அடித்துவிட்ட ஏழாவது வரி

ஆறு. இந்த எண்ணை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தையல் ஆலையின் ஒப்பந்தப்படி ஒரு தொழிலாளியின் குடும்பம் என்றால் ஆறு உறவுதான்: கணவன், மனைவி, மகன், மகள், அப்பா, அம்மா. முதல் வரைவில் ஏழாவதாக ஒரு வரி இருந்தது: ‘ஒரே வீட்டில் சேர்ந்து வாழ்பவர்’. அதைப் பேனாவால் அடித்தது நிர்வாகம் அல்ல. தொழிலாளர் பக்கம் உட்கார்ந்திருந்த பாயிண்ட் அக்கா.

அவள் காலர் தைப்பவள். கூட்டத்தில் எழுந்தால் ‘ஒரு பாயிண்ட்’ என்றுதான் ஆரம்பிப்பாள். மூன்று பாயிண்டுக்குக் குறைந்து உட்கார்ந்ததாகச் சரித்திரம் இல்லை. பெயர் ஒட்டிக்கொண்டது. அன்றைக்கு நிர்வாகம் ஒரு பேரம் வைத்தது. அந்த ஏழாவது வரியை விட்டுக்கொடுத்தால், வீட்டு நோயாளியைப் பார்த்துக்கொள்ளத் தரும் விடுப்பு பத்து நாளிலிருந்து முப்பது நாளாகும். டீ ஆறுவதற்குள் அவள் அடித்துவிட்டாள். வாசலில் நின்றவர்கள் கை தட்டினார்கள்.

அவள் வீட்டில் இன்னொருத்தி இருந்தாள். அதே ஆலையில் இஸ்திரிப் பிரிவு. ஒருத்திக்குக் கல்யாணம் ஆகவில்லை. இன்னொருத்தியைக் கட்டியவன் போனவன் போனவன்தான். பத்தொன்பது வருடமாக ஒரே அறை, ஒரே அடுப்பு. ஒருத்திக்குக் காய்ச்சல் என்றால் மற்றவளுக்கு வாய் கசக்கும். அன்று சாயங்காலம் சேதி கேட்ட இஸ்திரிக்காரி, துணியை மடித்தபடியே கேட்டாள்.

“அதுல நான் எங்கடி வர்றேன்?”

“நீ எதுக்குடி வரணும்? நாம என்ன காகிதத்தப் பாத்தா சேந்து இருக்கோம்?”

இருவரும் சிரித்தார்கள். நல்ல பதில் சொன்னதாகத்தான் பாயிண்ட் அக்கா நினைத்தாள். இரண்டு வருடம் அப்படியே நினைத்தாள்.

பிறகு இஸ்திரிக்காரி குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். ஆபரேஷன் முடிந்ததும் டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்: ஒரு மாதம் தனியாக விடக்கூடாது, தூக்கி உட்கார வைக்கக் கூடவே ஆள் வேண்டும். நான் இருக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் பாயிண்ட் அக்கா ஆலைக்கு ஓடினாள். அவளுடைய சொந்த விடுப்பெல்லாம் ஆஸ்பத்திரியிலேயே தீர்ந்திருந்தது.

ஆபீஸ் பெண் ஒப்பந்தத்தை எடுத்துப் பக்கத்தைத் திருப்பி வைத்தாள். ஆறில் இவங்க யாரு என்று கேட்டாள். கூடப்பிறந்தவள் என்று புளுகவும் வழியில்லை. அக்கா தங்கைக்கே அதில் இடம் கிடையாது.

“நீங்க போட்ட கையெழுத்துதானேக்கா இது,” என்றாள். கேலியாகச் சொல்லவில்லை. கேலியாகச் சொல்லியிருந்தால் ஒரு சண்டையாவது போட்டிருக்கலாம்.

விடுப்பு இல்லாமல் வேலைக்கு வராமல் நின்றுவிட்டால் பேரை எடுத்துவிடுவார்கள். இரண்டு வயிற்றுக்கு ஒரு சம்பளமாவது வேண்டும். காலர் வரிசையில் பன்னிரண்டு பெண்கள் இருந்தார்கள். கேட்டிருந்தால் முறை போட்டு வந்து பார்த்திருப்பார்கள். அடுத்தவர்களுக்காக ஆலை முழுக்கக் கத்தியவளுக்குத் தனக்கென்று கேட்க வாய் வரவில்லை. வெட்கம். இதற்கு வேறு பேர் கிடையாது.

விஷயத்தைக் கேட்ட இஸ்திரிக்காரி திட்டவில்லை. ஊரில் இருக்கும் தன் அண்ணனுக்குப் போன் போடட்டுமா என்று மட்டும் கேட்டாள். வேண்டாம் என்று இவள் சொல்வாள் என எதிர்பார்த்தாளோ என்னவோ, ரொம்ப நேரம் போனைக் கையிலேயே வைத்திருந்தாள். இவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மறுநாள் அண்ணன் வந்தார். பதினொரு வருடமாக எட்டிப் பார்க்காத மனிதர். கெட்டவர் என்று சொல்ல முடியாது. பழம் வாங்கி வந்திருந்தார், தங்கையின் காலைத் தொட்டுப் பார்த்துக் கண் கலங்கினார். ஆஸ்பத்திரித் தாளில் உறவு என்ற இடத்தில் ‘அண்ணன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடிவிட்டுப் பக்கத்தில் நின்றவளைப் பார்த்தார்.

“நீங்க யாரும்மா?”

படுக்கையில் இருந்தவளும் தலையைத் திருப்பிப் பார்த்தாள். பாயிண்ட் அக்காவிடம் அன்றைக்கு ஒரு பாயிண்ட் கூட இல்லை.

“கூட வேல பாக்குறேங்க.”

இஸ்திரிக்காரி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“அவங்ககிட்ட என் துணி கொஞ்சம் இருக்குண்ணே. வாங்கிக்க,” என்றாள்.

அவளை அண்ணன் ஊருக்குக் கூட்டிப்போக அன்று மதியமே கார் வந்தது. பாயிண்ட் அக்கா துணிப்பையைக் காலடியில் வைத்துவிட்டு, முதுகுக்கு ஒரு தலையணை கொடுத்துவிட்டு, ஷிப்டுக்குப் போனாள். அவளுக்கு வாரத்தில் ஒரு நாள் விடுமுறை. அண்ணன் ஊருக்குப் பஸ்ஸில் போய்ச் சேரப் பதினாறு மணி நேரம்.