அக்கா தேர்ந்தெடுத்த கல்லும் மண்ணும்

ஓராண்டுக்கு முன் கர்த்தர் தம்மிடம் அழைத்துக்கொண்ட எங்கள் அக்காவை நினைத்துக் கூடியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய தம்பியின் வணக்கம்.

அக்கா பிறந்தது தங்கவயலில். சுரங்கத்தில் வேலை பார்த்த அப்பா நுரையீரல் கெட்டுப் படுத்தபோது, அக்காவுக்குக் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. அதை நிறுத்தச் சொல்லிவிட்டு நர்ஸ் படிப்புக்காக மைசூருக்கு வந்தார். வேலை கிடைத்ததும் தம்பி தங்கைகளை இங்கே வரவழைத்துப் படிக்க வைத்தார். வார்டில் கண்டிப்பானவர் என்று பெயர். வீட்டில் அதைவிடக் கண்டிப்பு; சோப்புப் போட்டுக் கழுவாத கை சோற்றுக்கு அருகே போனால் தட்டே பறிபோகும்.

டிசம்பர் வந்தால் கேக் மாவை வீட்டில் கலக்கி, தட்டில் ஊற்றி, பெயர்ச்சீட்டோடு மண்டி மொஹல்லாவில் ஒரு பேக்கரியின் விறகு அடுப்புக்குக் கொண்டுபோவது எங்கள் தெருவின் வழக்கம். பேக்கரிக்காரர் கரண்ட் அடுப்புக்கு மாறியதும் வெளி மாவை வாங்குவதில்லை என்றுவிட்டார். அப்போது ஓய்வு பெற்றிருந்த அக்கா, “எங்க வீட்டுப் பின்னாடி எடம் சும்மாதானே கெடக்குது? அடுப்பு கட்டிடுறேன். இந்தக் கிறிஸ்துமஸுக்கு எல்லாரும் அங்க கொண்டாங்க” என்று தெருப் பெண்களுக்கு வாக்குக் கொடுத்தார். சில நாளிலேயே அவருக்குக் கணையத்தில் கட்டி என்று தெரிந்தது. வருகிற கிறிஸ்துமஸைத் தாண்டினாலும் அதற்கடுத்தது அவருக்கு இருக்காது. ரிப்போர்ட்டை எங்களுக்குப் படித்து விளக்கியதே அவர்தான்.

எனக்கு ஒரே அவசரம். எதை வைத்தாவது டிசம்பருக்குள் அடுப்பு நின்றாக வேண்டும். அக்காவோ பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டார்போல ஒவ்வொன்றுக்கும் குறை சொன்னார். சமையல் மேடை போட்டு மிஞ்சிய கிரானைட்டைத் தளத்துக்குப் போடலாம் என்றேன். ஒரு துண்டைத் தீயில் போட்டுத் தள்ளி நிற்கச் சொன்னார். படாரென்று வெடித்தது. பிறகு ஹெப்பாளில் ஒரு பட்டறையின் உலையை இடித்த செங்கல், நல்ல சூடு தாங்கும் ரகம், கிடைத்தது. ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினேன்.

“இதுல என்னத்தடா உருக்குனாங்க?”

“பித்தளைதான்க்கா. ஈயமும் இருந்திருக்கும்.”

“ஈயம் வெசம்டா. கொழந்தைங்க தின்ற கேக்கு. திருப்பிக் குடுத்துட்டு வா.”

“இப்பிடியே பாத்துட்டிருந்தா கிறிஸ்துமஸ் போயிடும்க்கா!”

“போவட்டும். பதறாத காரியம் சிதறாதுடா.”

தளத்துக்குப் புதுச் செங்கல் வாங்கினோம். மேற்கூட்டுக்குப் புற்று மண் நல்லது என்று கேள்விப்பட்டு, வீட்டுக்குப் பின்னால் இருந்த பாம்புப் புற்றைக் காட்டினேன். கடப்பாரையோடு வந்த கன்னடக்கார மேஸ்திரி கைகூப்பி நின்றுவிட்டார்.

“பேடம்மா, வேணாம், அது நாகப்பன் இருக்குற ஜாகா. எங்க ஊட்ல பால் ஊத்துவாங்க.”

“அவர் கும்புடுறத ஒடச்சுத்தானா நாம ஏசு பொறந்த நாளைக் கொண்டாடணும்?” என்று அக்கா என்னை முறைத்தார். குயவரிடம் களிமண் வாங்கி, மணலும் வைக்கோலும் சேர்த்து மிதித்து, மேஸ்திரி கூட்டை எழுப்பினார்.

கிறிஸ்துமஸ் வந்துவிட்டது, மண் காயவில்லை. ஈரத்தில் தீயைக் கூட்டினால் விரிசல் விடும். வாக்குக் கொடுத்த வீடுகளுக்கெல்லாம் அக்காவே நடந்துபோய், “இந்த வருசம் ஆவாது, மன்னிச்சுக்கங்க” என்று சொன்னார். உடன் போன எனக்குத்தான் அழுகை வந்தது.

பொங்கல் முடிந்ததும் பின்புறம் நாற்காலி போட்டு உட்கார்ந்து, தினமும் சிறு தீ மூட்டி அடுப்பை உலர்த்தினார். முதல் ரொட்டி வெந்தபோது அவரால் தண்ணீரே விழுங்க முடியவில்லை. முகர்ந்து பார்த்து, “நல்லா வெந்திருக்கு” என்று முதல் துண்டை மேஸ்திரிக்குக் கொடுத்தார். அந்த மாதமே எங்களைப் பிரிந்தார். இப்படி ஓர் அக்கா வாய்த்தது எங்கள் பாக்கியம்.

கடைசி நாட்களில் வலி தெரியாமல் பார்த்துக்கொண்ட நர்ஸ்களுக்கும், முறைபோட்டுக் கஞ்சி கொண்டுவந்த தெருப் பெண்களுக்கும், ஜெபித்த ஃபாதருக்கும், அடக்கத்தன்று குழந்தைபோல் அழுத மேஸ்திரிக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. போன கிறிஸ்துமஸுக்குத் தெருவின் கேக்கெல்லாம் அந்த அடுப்பில்தான் வெந்தன. இந்த நினைவு மலரோடு உங்களுக்குத் தந்திருக்கும் பன், இன்று காலை அதில் சுட்டது. வீட்டுக்குப் போனதும் குழந்தைகளுக்குத் தைரியமாகக் கொடுங்கள்.