உண்ணாமலை சுற்றிய இரண்டு சுற்று

வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸ் எதிரே மனு எழுதித் தரும் உண்ணாமலைக்கு ஒரு கண்டிப்பு உண்டு: ஒரு மனுவில் ஒரு கோரிக்கைதான். பட்டாவையும் முதியோர் உதவித்தொகையையும் சேர்த்துக் கேட்டால் இன்னொரு தாள் வாங்கி வரச் சொல்வாள்.

சென்ற ஆண்டு அவளுக்கு மாலைக் காய்ச்சல், தலையணை நனையும் வியர்வை, கழுத்தில் கட்டி. ஹாட்ஜ்கின் லிம்போமா, ரத்தப் புற்றுநோயில் ஒரு வகை என்றார் வேலூர் டாக்டர் மணிமொழி. கட்டியின் செல்களில் எப்ஸ்டீன்-பார் வைரஸ் இருந்தது. பெரும்பாலோர் உடம்பில் சத்தமில்லாமல் கிடக்கும் வைரஸ். வெகு சிலருக்கே இப்படிப் புற்றில் போய் முடிகிறது. நோய் எதிர்ப்புச் செல்கள் புரதங்களை அனுப்பித் தங்களுக்குள் தகவல் சொல்லும். புற்றுச் செல்லும் அதே புரதங்களை அனுப்பி, நல்ல செல்களைத் தன்னைச் சுற்றி வேலைக்கு வைத்துக்கொள்ளும். காய்ச்சல் அதனால்தான் என்றார்.

"அப்போ பொய் மனுங்க. ஃபாரம் சரியா இருக்கும், விஷயம்தான் பொய்," என்றாள் உண்ணாமலை. டாக்டர் அதை மற்ற நோயாளிகளுக்கும் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

ஆறு மாதம் கீமோ. ஸ்கேன் சுத்தம். அதன்பின் டாக்டர் தம் ஆய்வுக்காக, மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவள் ரத்தத்தில் இன்டர்லூகின்-6 என்ற தகவல் புரதத்தை அளந்தார். இரண்டாம் முறை அது ஐந்து மடங்கு ஏறியிருந்தது. நோய் திரும்பிவிட்டதா? ஆட்டோ ஓட்டும் கணவன் மாறன், ஆசிரமம் போகவேண்டிய வெள்ளைக்காரரைப் பாதி வழியில் இறக்கிவிட்டு ஓடி வந்தான்.

வேலூரில் டாக்டர் கழுத்தைத் தடவிப் பார்த்தார். கட்டி இல்லை. காய்ச்சல் இல்லை. எடை வேறு இரண்டு கிலோ கூடியிருந்தது.

"ரத்தம் குடுத்த அன்னைக்கு என்ன பண்ணீங்க?"

"ஒண்ணும் இல்லீங்க டாக்டர். மலையைத்தான் சுத்துனேன்."

"எத்தனை சுத்து?"

"ரெண்டு."

கிரிவலம் ஒரு சுற்று பதினாலு கிலோமீட்டர். ஸ்கேன் சுத்தமாக வந்தால் வெறும்வயிற்றோடு, வெறுங்காலோடு இரண்டு சுற்று என்று வேண்டுதல். மனு எழுதும் வேலைக்கு லீவு செவ்வாய்க்கிழமை மட்டும். ரத்தம் கொடுப்பதும் அன்றுதான். விடியலில் கிளம்பி, மதியம் முடித்து, நேரே லேபுக்குப் போய்க் கையை நீட்டியிருக்கிறாள்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவைத்துவிட்டுச் சிரித்தார். மணிக்கணக்கில் உழைத்த தசையும் அதே புரதத்தை விடுமாம். ஆனாலும் நான்கு நாள் ஓய்வெடுத்து மறுபடி ரத்தம் கொடுக்கச் சொன்னார். அந்த நான்கு நாளும் மாறன் காவல். தெருமுனைக் கடைக்குக்கூட ஆட்டோவில்தான் கூட்டிப்போனான்.

ஆட்டோவில் போகும்போது டாக்டரே போனில் முடிவைச் சொன்னார். ஸ்பீக்கரில் இருவரும் கேட்டார்கள். புரதம் பழைய அளவுக்கே இறங்கியிருந்தது. மாறன் நடுரோட்டில் ஹாரனை அழுத்திப் பிடித்துக்கொண்டான்.

"ஊருக்கெல்லாம் ஒரு மனுவுக்கு ஒரு கோரிக்கைனு சட்டம் பேசுற. நீ மட்டும் ஒரே செவ்வாக்கிழமையில ரெண்டு வேலை," என்றான் அவளிடம்.

உண்ணாமலை சிரிப்பை அடக்கிக்கொண்டு போனைக் காதில் வைத்தாள். இந்த முடிவும் நல்லபடியாக வந்தால் மூன்று சுற்று என்று படுத்தபடியே வேண்டிக்கொண்டதை டாக்டரிடம் சொன்னாள்.

டாக்டர் உடனே குறுக்கிட்டார்.

"ஒரு நாளைக்கு ஒரு சுத்துதான்மா. சாப்பிட்டுட்டு நடங்க. ரத்தம் குடுக்குற வாரம் கூடவே கூடாது."

"சரிங்க டாக்டர்," என்றாள். வீட்டுக்கு வந்ததும் காலண்டரில் மூன்று செவ்வாய்க்கிழமைகளைத் தனித்தனியே வட்டமிட்டாள்.