வாசலில் இரண்டடி வெறும் மண்

போன வாரம் சாத்தூர் வீட்டுக்குப் பின்னால் ஆட்டுக்கொட்டகை போட ஆரம்பித்தோம். ஓய்வு பெற்றவன் ஆடு வளர்க்கப் போகிறேன் என்றதும் வீட்டில் ஒரே சிரிப்பு. அது கிடக்கட்டும். தரைக்குச் சரளைதான் சரி என்றார் கொத்தனார். "மூத்திரம் கீழ எறங்கிரும் சார். அங்கன ஈரமே நிக்காது." நியாயமாகத்தான் பட்டது, தலையாட்டிவிட்டேன். டிராக்டர் வந்து ஒரு லோடைச் சடசடவென்று கொட்டியது. அந்தச் சத்தம் காதிலும் கல்தூசி மூக்கிலும் ஏறியதும் நான் நாலடி தள்ளிப் போய் நின்றுகொண்டேன்.

சரளையில் எனக்குப் பழைய அனுபவம் உண்டு. இருபத்துமூன்று வயதில் விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்தேன். மழை பெய்தால் கரிசல் மண் காலோடு அப்பிக்கொண்டு வரும். பட்டாசுக்குள் வெடிமருந்து செலுத்தும் அறைக்குள் செருப்பும் கூடாது, மண்ணும் கூடாது; ஒரு சின்னக் கல் உரசினாலும் தீப்பிடித்துக்கொள்ளும். வெறுங்காலோடு வேலை செய்கிற பெண்களுக்குக் கால் கழுவியே அரை நாள் போய்விடும். அறைகளைச் சுற்றிச் சரளை போட்டால் என்ன என்று யோசனை சொன்ன மேதாவி நான்தான். படிச்சவன் படிச்சவன்தான் என்று முதலாளி எல்லார் முன்னாலும் முதுகில் தட்டினார். அன்றைக்கு எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

மறுநாள் எஸ்தர் அக்கா கூப்பிட்டாள். முதல் அறையில் மருந்து செலுத்துகிறவள், அதிகம் பேசமாட்டாள். அறைக்கு எதற்கு எதிரும் புதிருமாகக் கதவு வைத்திருக்கிறார்கள் என்று கேட்டாள். தீப்பிடித்தால் எந்தப் பக்கமும் ஓடத்தான் என்றேன்.

"வெறுங்காலோட இந்தக் கல்லுல எப்படி ஓட? நீங்க செருப்புப் போட்டிருக்கீக தம்பி."

அந்த நிமிஷமே புரிந்துவிட்டது. எல்லாம் உடைத்த கல், முனை முனையாகக் கிடந்தது. ஆனால் என் யோசனை தப்பு என்று முதலாளியிடம் எந்த வாயால் சொல்வது? ஒருமுறை அவர் அறை வரைக்கும் போனேன். டீ சொல்லட்டுமா என்று கேட்டுவிட்டுத் திரும்பி வந்தேன்.

அக்காவும் மற்றவர்களும் சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது அறை வாசலிலிருந்து வேலி வரைக்கும் இரண்டடி அகலத்துக்குச் சரளையை ஒதுக்கிவிட்டுப் போவார்கள். காலையில் முதலாளி வருவதற்குள் நான் அதை இழுத்து மூடிவிடுவேன். அவர்கள் ஒதுக்க, நான் மூட, சீசன் முழுக்க இதே கூத்து. ஒவ்வொரு நாளும் மூடும்போது வெட்கமாக இருக்கும். ஆனாலும் மூடினேன். அந்த வேலையை விட்டால் எனக்கு வேறு போக்கிடம் இல்லை.

ஒருநாள் காலையில் டவுன் பஸ் வரவில்லை, நடந்தே போனேன். நான் போய்ச் சேரும்போது கேட்டிலேயே கந்தக நெடி. முதல் அறை இருந்த இடத்தில் சுவர்தான் பாதி நின்றது. உள்ளே இருந்த நாலு பேரும் வேலியோரம் உட்கார்ந்திருந்தார்கள். மூடாமல் கிடந்த அந்த இரண்டடி மண்ணில் ஓடித் தப்பியிருக்கிறார்கள்.

எஸ்தர் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "இன்னைக்கு மூடாம விட்டீகளே தம்பி. நல்லா இருப்பீக."

பஸ் வரவில்லை என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? நான் ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

அதற்கப்புறம் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அவள் வீட்டிலிருந்து ஒரு டப்பா முறுக்கு வரும். என் பெண்டாட்டி பிள்ளைகளெல்லாம் நான் நாலு உயிரைக் காப்பாற்றிய கதையைப் பேசிக்கொண்டே தின்பார்கள். நானும் கூட உட்கார்ந்து தின்றிருக்கிறேன்.

கொட்டகை வாசலில் மட்டும் இரண்டடிக்குச் சரளை வேண்டாம், வெறும் மண்ணாக விடுங்கள் என்று கொத்தனாரிடம் சொன்னேன்.

"ஆட்டுக்கு எதுக்கு சார் பாதை?" என்றார்.

கம்பெனி இருந்த இடத்தில் இப்போது சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது. அக்கா காலமாகி இரண்டு வருஷமாகிறது, முறுக்கு டப்பாவும் வருவதில்லை. அன்றைக்குப் பஸ் வரவில்லை அக்கா என்று நான் சொல்லியிருக்க வேண்டியது அவள் ஒருத்தியிடம்தான்.