குறுக்குக் கம்பி இல்லாத ஈட்டி

தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் ஈட்டி வைத்திருந்த ஒரே ஆள் என் மாமா, அம்மாவின் தம்பி. துவக்கு வைத்திருக்க லைசன்ஸ் வேண்டும். லயத்து ஆளுக்கு அதை யார் கொடுப்பார்கள்? எங்கள் ஊர் கஹவத்தைக் காட்டுப்பன்றிக்கு லைசன்ஸ் எல்லாம் தேவையில்லை. மரவள்ளியைத் தோண்டித் தின்ன அது பாட்டுக்கு வரும். அப்போதெல்லாம் மாமா இரண்டு நாய்களோடும் அந்த ஈட்டியோடும் இறங்குவார்.

லொறி வில்லுத் தகட்டில் அடித்த ஈட்டி அது. முழ நீளத்துக்கு அலகு. அலகுக்குக் கீழே குறுக்காக ஓர் இரும்புக் கம்பியை வைத்து, செப்புக் கம்பியால் இறுக்கிக் கட்டியிருப்பார். அது எதற்கென்று எனக்கு விளங்கவே இல்லை. ஈட்டி என்றால் உள்ளே போக வேண்டும். போகவிடாமல் நடுவில் ஒரு தடை வைப்பானேன்? மாமாவுக்குப் பன்றி மேல் இரக்கம் போலிருக்கிறது என்று முடிவு செய்துகொண்டேன். கேட்டிருக்கலாம். ஆனால் ஒன்பது வயதில் எனக்குத் தெரியாதது எதுவும் இருக்கவில்லை.

அந்த வருடம் பள்ளிக்கூடக் கலைவிழாவில் நான்தான் முருகன். பெண்பிள்ளையானாலும் வகுப்பிலேயே உயரம் என்று டீச்சர் என்னைப் பிடித்துப் போட்டார். அவர் தந்த அட்டை வேல் ஒரு மழைக்கே துவண்டு போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாமா ஆற்றுக்குக் குளிக்கப் போன நேரம், கூரைக்கடியில் செருகியிருந்த ஈட்டியை இறக்கினேன். அலகைச் சாம்பல் போட்டுத் தேய்த்தேன். விபூதி பூசி, குங்குமம் வைத்து, நுனியில் ஓர் எலுமிச்சம்பழமும் குத்தினேன். முருகன் வேலில் குறுக்குக் கம்பியை யார் பார்த்தது? செப்புக் கம்பிக் கட்டினைப் பல்லால் கடித்து, கரண்டிக் காம்பால் நெம்பி, ஒருவழியாகக் கழற்றி எடுத்தேன். அதில் என் விரல் கிழிந்து ரத்தம் வந்தது.

அந்த நேரம் பார்த்து லயத்துக்குக் கீழே மரக்கறித் தோட்டத்தில் நாய்கள் குரைத்தன. அம்மா அங்கேதான் போஞ்சி பறித்துக்கொண்டிருந்தாள். பன்றிக்கு முன்னால் அம்மா, பின்னால் நாய்கள். அம்மாவுக்குப் பின்னால் ஆளுயரக் கல் கட்டு, ஓட வழியில்லை. அவள் அலறிய அலறலில் பக்கத்து லயமே வெளியே வந்துவிட்டது.

மாமா ஈர உடம்போடு ஓடி வந்து என் கையிலிருந்த ஈட்டியைப் பிடுங்கினார். அலகைப் பார்த்தார். கம்பி இருந்த இடத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"அடிப்பாவி..." என்றார். எலுமிச்சம்பழத்தை உருவி எறிந்துவிட்டுக் கீழே ஓடினார். பளபளப்பைப் பார்த்து மாமா அசந்துவிட்டார் என்று எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

குத்து சரியாக நெஞ்சில்தான் இறங்கியது. ஆனால் பன்றி விழவுமில்லை, திரும்பி ஓடவுமில்லை. ஈட்டியை உள்வாங்கிக்கொண்டே முன்னால் வந்தது. அலகு முழுக்கப் போய், மரக்காம்பும் பாதி போய், மாமாவின் தொடையைக் கோரைப்பல்லால் கிழித்துவிட்டுத்தான் பன்றி செத்தது. அம்மாவுக்கு ஒரு கீறல்கூட இல்லை.

ஓட்டோவில் போட்டு அவரை இரத்தினபுரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மறுநாள் பார்க்கப் போனபோது, மாமாவின் கூட்டாளி ஒருவர் கட்டிலருகே நின்று கேட்டார்: "கம்பி இருந்திருந்தா பன்னி அந்தாண்டயே நின்னிருக்குமே மச்சான். அத எங்க?"

"நாந்தான் கழட்டுனேன்," என்றார் மாமா. "நல்லா தேய்ச்சு, பொட்டெல்லாம் வச்சேன். திரும்பக் கட்ட மறந்துட்டேன்."

அம்மா பொரிந்து தள்ளினாள். "புத்தி இருக்கா ஒனக்கு? நொண்டிக் காலோட நின்னா எவன்டா பொண்ணு குடுப்பான்?" அன்றிலிருந்து இன்றுவரை மாமா அந்தக் காலை இழுத்துத்தான் நடக்கிறார்.

அன்று எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை. கம்பி இருந்தால் ஈட்டி உள்ளே போகாது. போகாவிட்டால் பன்றி எப்படி நிற்கும்? அதைவிடப் பெரிய குழப்பம், மாமா ஏன் இப்படிப் பச்சைப் பொய் சொல்கிறார் என்பது. சாம்பல் போட்டுத் தேய்த்தது நான். பொட்டு வைத்தது நான். விரல் கிழிந்ததும் எனக்குத்தான். அத்தனையையும் கூசாமல் தன் வேலை என்று சொல்லிக்கொள்கிறாரே என்று எனக்கு அப்படி ஒரு கோபம். மாமா கையை நீட்டிக் கூப்பிட்டார். மூஞ்சியைத் திருப்பிக்கொண்டேன். அவர் வீட்டுக்கு வந்த பிறகும் ஒரு வாரம் அவரோடு பேசவில்லை.